அம்மா கொண்டுபோனது மாங்கொம்பு

மக்களே, போன மாதம் நெய்யாற்றின்கரையில் அந்தப் புதிய சாப்பாட்டுக் கடையில் நான் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு வெளியே போய் நின்றேன். அதற்குக் காரணம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சோறு நன்றாகத்தான் இருந்தது. மீன் குழம்பிலும் குறை இல்லை. வாசலில் 'விறகடுப்புச் சமையல்' என்று பலகை வைத்து, சாப்பிட வருகிறவர்கள் பார்க்கும்படி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுப்பை எரியவிட்டிருந்தார்கள். மூத்தவள் மூச்சை இழுத்து, "விறகுப் புகைக்கு ஒரு தனி மணம் உண்டு, இல்லாப்பா?" என்றாள். இளையவன் அடுப்பைப் போனில் படம் பிடித்தான். எனக்கு வந்த கோபம் உங்கள்மேல் இல்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் சத்தம் போட்டுவிடுவேன், உங்கள் அம்மா ரத்த அழுத்தத்தைச் சொல்லி நிறுத்திவிடுவாள். அதனால் எழுதுகிறேன். என் வயதுக்காரர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் அவர்கள் மழையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். ஏன் என்று இதைப் படித்தால் தெரியும்.

விறகுப் புகை என்று ஒரே புகை கிடையாது. ரப்பர்ச் சுள்ளியை அடுப்பில் வைத்தால் முனையில் பால் பொங்கிச் சீறும். பிறகு சைக்கிள் டியூப் கருகுகிற வாடை வீடெல்லாம் பரவும். பானையின் அடி தார் பூசியதுபோல் ஆகும். எங்கள் வீட்டில் எரிந்தது பெரும்பாலும் அதுதான். பள்ளிக்கூடத்தில் என் சட்டையை மோந்து பார்த்து, "எலே, ரப்பர் ஷீட்டு வாறான்" என்பார்கள். பலாக்கட்டை எரிந்தால் எங்கோ பாகு காய்ச்சுவது போல இருக்கும். அது வசதியான வீடுகளின் மணம். புளிக்கு மணமே இல்லை, கனல்தான். கொல்லாமரம், முந்திரிதான், கண்ணைக் குத்தும். முருங்கை, நனைந்த சாக்கைக் கொளுத்தியது போல. மரச்சீனிக் கம்பு காகிதம் மாதிரி பற்றிக்கொண்டு, கிழங்கு சுட்ட மணத்தைக் கொஞ்ச நேரம் காட்டி ஏமாற்றிவிட்டு அணைந்துபோகும். தென்னம்பாளைக் கொதும்பு எரிந்தால் எண்ணெய் விளக்கு ஏற்றியது போல. மாங்கொம்புக்கு லேசான புளிப்பு உண்டு, மாவடு ஜாடியைத் திறந்தால் வருமே அது.

பள்ளி விட்டு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்த வீட்டைத் தாண்டுகிறேன் என்று சொல்லிவிடுவேன். இது எனக்கு மட்டும் இருந்த சாமர்த்தியம் அல்ல. ஊரில் பிறந்த எல்லோருக்கும் அந்த மூக்கு இருந்தது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் இருந்தது.

அப்பொழுது நாங்கள் வெள்ளறடைக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருந்தோம். அப்பா, அதாவது உங்கள் தாத்தா, முதலாளியின் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார். முதலாளி எங்கள் சபையின் கமிட்டித் தலைவரும்கூட. தோட்டத்திலும் அவர் சொல்தான், வேதக்கோயிலிலும் அவர் சொல்தான். அந்த வருடம் மலைச்சரிவில் அவருடைய பங்கில் நின்ற பழைய காட்டு மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு ரப்பர் வைக்க ஏற்பாடு செய்திருந்தார். நல்ல மரங்கள் லாரியில் அறுவை மில்லுக்குப் போயின. மிச்சம் கிடந்த கோணல் மாணல்களை என்ன செய்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது.

பண்டிகை அன்று கோயில் வளாகத்தில் அசனம் நடக்கும். சபை முழுவதும் தரையில் வரிசையாக உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுவது. அதற்கு வீட்டுக்கு ஒரு கட்டு விறகு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் சபையின் பழக்கம். அரிசி கொடுக்க முடியாதவர்கள் உண்டு, விறகு கொடுக்காத வீடு கிடையாது. அம்மா, அதாவது உங்கள் பாட்டி, அந்த வருடம் ரப்பர்ச் சுள்ளியைத் தொடவில்லை. "ஆண்டவருக்க சோத்துல டியூப்பு வாடை வரப்பிடாது" என்று, காற்றில் முறிந்து விழுந்த எங்கள் ஒரே மாமரத்தின் கொம்பைப் பல நாள் காயவைத்திருந்தாள். நானும் தங்கச்சியும் அதை ஓலைக்கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு போனோம். உங்கள் அத்தைக்கு அப்போது கட்டின் பின்முனையைத் தூக்கக்கூட உயரம் போதாது, தலையால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நடந்தாள்.

முதலாளி ஒரு லாரி விறகு இறக்கினார். ஆராதனையில் போதகர் அதை மலையாளத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை அறிவித்து, கொடுத்த கைகளை ஆசீர்வதித்தார். அதிகம் கொடுத்தவரின் விறகைத்தான் பெரிய வார்ப்புப் பானையின் அடியில் வைத்து ஜெபம் செய்து தீ மூட்டுவார்கள். அதுவும் பழக்கம்.

தீ பிடித்துக் கொஞ்ச நேரத்தில் அந்த வாடை வந்தது. எப்படிச் சொல்வேன்? முந்திரி அண்டிக்கொட்டையின் தோட்டைச் சுட்டால் ஒரு காரம் வருமே, அது. ஆனால் அங்கே அண்டியும் இல்லை, கொல்லாக்கட்டையும் இல்லை. அந்தக் காரத்துக்கு அடியில் ஏதோ கசந்து நின்றது. உள்ளி உரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அம்மாவும் தங்கச்சியும் அவர்களோடு உட்கார்ந்திருந்தார்கள், புகை வீசுகிற பக்கத்தில்.

"எக்கா, இது சேரு மணமாக்குமே" என்றாள் ஒருத்தி.

"சும்மா கெட பிள்ளே. முதலாளிக்க விறகாக்கும்."

"முதலாளிக்க விறகானா சாம்பிராணி மணமா வரும்?"

எல்லோரும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தார்கள், மக்களே. ஒருத்தியும் எழுந்துபோய்ச் சொல்லவில்லை.

சேரு என்பது மலைப்பக்கத்தில் நிற்கும் ஒரு மரம். அதன் பால் பட்டால் மேல் தடித்துக் கொப்புளிக்கும். புகை பட்டாலும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் நடக்கத் தொடங்கும் பிள்ளைக்கே அதைக் காட்டி, "அதுகிட்டப் போவாதே" என்று சொல்லிவைப்பார்கள். சமையலுக்கு நின்றவர் இருமினார். குனிந்து அடுப்பிலிருந்த கட்டையைப் பார்த்தார். வெட்டுவாயில் பால் கறுத்துக் காய்ந்திருந்ததை நானே பார்த்தேன், அவர் பார்க்காமல் இருப்பாரா? பிறகு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்த்தார். பிறகு இன்னொரு கட்டையை எடுத்து, தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, உள்ளே தள்ளினார்.

துண்டைச் சுற்றிக்கொண்டார். தன் கையைக் காப்பாற்றத் தெரிந்தவருக்கு, அங்கே புகையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைத் தூரமாகப் போகச் சொல்ல வாய் வரவில்லை.

அம்மா எழுந்து தங்கச்சியை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். அதற்குள் பட வேண்டியது பட்டுவிட்டது.

மறுநாள் காலையில் தங்கச்சிக்குக் கண் திறக்கவில்லை. முகம் வீங்கி, யாரோ வேறு வீட்டுப் பிள்ளை பாயில் கிடப்பது போல இருந்தாள். கழுத்தில் கொப்புளம். "அண்ணா, விடிஞ்சாச்சா?" என்று கேட்டாள். வெயில் பாயில் விழுந்துகொண்டிருந்தது.

மேல்வீட்டு மாமி ஓடி வந்தார். அவர்கள் இந்துக்கள், அசனத்துக்கு வந்தவர்கள் இல்லை. பார்த்த உடனே, "சேரு பிணங்கினதாக்கும். நீ இவளெக் கொண்டுபோய் தான்னியைச் சுத்திட்டு, பட்டையை அவிச்ச வெள்ளத்துல குளிப்பாட்டு" என்றார். சேரு செய்ததைத் தான்னி மரம் தீர்க்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மரத்தைச் சுற்றி வந்து, பிழை பொறுக்கச் சொல்லிக் கும்பிடுவார்கள். கிறிஸ்தவர்கள் செய்யக்கூடாது. செய்வார்கள், வெளியே சொல்லமாட்டார்கள். அம்மா பகல் வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க, தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கால்வாய்க் கரைத் தான்னியைச் சுற்றினாள். கும்பிடவில்லை. சுற்றினாள், பட்டையை வெட்டினாள், வந்துவிட்டாள்.

வீங்கியது தங்கச்சிக்கு மட்டுமல்ல. சமையல்காரருக்குக் கழுத்து முழுக்கத் தடிப்பு. கேட்டால், வேர்க்குரு என்றார். உள்ளி உரித்த பெண்களில் ஒருத்தி ஒரு வாரம் முக்காடு போட்டுக்கொண்டு நடந்தாள். கேட்டால், பல்வலி என்றாள். அப்படி எத்தனை வேர்க்குரு, எத்தனை பல்வலி!

ஆனால் முதலாளியின் பேரக்குழந்தைக்கும் கன்னம் தடித்துவிட்டது. அதற்குப் பல்வலி என்று சொல்ல முடியாது, பல்லே முளைக்கவில்லை. அப்போதுதான் கமிட்டி கூடியது. யாரோ ஒரு வீட்டார் கெட்ட விறகைக் கொண்டுவந்து கலந்துவிட்டார்கள் என்று பேச்சாயிற்று. அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். கோயில் பின்கட்டில் பெஞ்சுகளில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் நின்றோம். தங்கச்சி அம்மாவின் தோளில் கிடந்தாள்.

"நீ அந்தக் கொச்சுப் பிள்ளையையும் கொண்டு தான்னியைச் சுற்றினியோ?" என்றார் முதலாளி.

"சுத்தினேன்."

"எதுக்கு?"

"சேருக்கு வேற எதைச் சுத்துவாவ?"

"சேருன்னு உனக்கு எப்படித் தெரியும்? டாக்டர் பறஞ்ஞாரா?"

"மணத்துல தெரியும்."

முதலாளி பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா? வேற ஒருத்தருக்கும் தெரியல்ல. இவளுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. கொண்டுவந்தவளுக்குத்தானே தெரியும்?"

அம்மா அசந்துபோய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "நான் கொண்டுவந்தது மாங்கொம்பு. இஞ்ச இருக்கிய எல்லாருக்கும் அந்த மணம் தெரியும். நான் மட்டுமா மூக்கு வச்சிருக்கேன்? பாட்டா, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியல்லியா?"

அவள் கேட்ட பெரியவர் தன் கைத்தடியின் பூணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. அந்தப் பெஞ்சில் இருந்தவர்களில் முதலாளியிடம் நிலமோ வேலையோ சிபாரிசோ வாங்காதவர் ஒருவர்கூட இல்லை. போதகர் வேத புத்தகத்தின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். படித்தவர், நல்லவர் என்றுதான் ஊரில் பெயர். நல்லவராக இருந்து என்ன கிழித்தார் என்று நான் இன்றும் கேட்கிறேன்.

அப்போது அப்பா, "தெத்து பற்றிப்போச்சு. பொறுக்கணும்" என்று, செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டார்.

அம்மா தங்கச்சியைத் தோள் மாற்றினாள்.

வருகிற ஞாயிறு ஆராதனையில் எல்லோர் முன்னாலும் அப்பா அதையே சொல்ல வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து கேட்டாள்: "நான் எதைக் கொண்டுபோனேன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சிட்டுத்தானா தெத்துன்னு சொன்னீங்க?"

"நாளைக்கு நான் அவருக்க தோட்டத்துல கத்தி எடுக்கணுமே, பிள்ளே."

"அப்போ எனக்க பேரு?"

அப்பா, தங்கச்சி சொறிந்துவிடாமல் இருக்க அவள் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் முழுக்கத் தெருவில் அம்மாவைப் பார்த்தவர்கள், "சேருக்காரி வாறா" என்றார்கள். கிணற்றடியில் அவள் குடத்தை வைத்த இடத்தில் யாரும் குடத்தை வைக்கவில்லை. புகையில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த அதே பெண்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாட்டு முடிந்ததும் போதகர் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். அப்பா எழுந்து முன்னே போனார், வெள்ளைச் சட்டையில் பித்தான் மாறிப் போட்டிருந்தார். வாயைத் திறக்கும் முன்னால் பின்கதவில் சத்தம் கேட்டது.

அம்மா வந்துகொண்டிருந்தாள். அசனத்துக்கு எரிந்து மிச்சமாகக் கோயில் பின்னால் கிடந்த கட்டைகளில் ஒன்று. முதலாளியின் லாரியில் வந்த நீளக்கட்டை, ஒரு முனை கரிந்தது. சாக்கை மடித்துக் கையில் சுற்றி, அதைத் தரையில் இழுத்துக்கொண்டு நடுவழியாக வந்தாள். பீடத்தின் முன்னால் போட்டாள். வெட்டுவாயில் கறுத்த பால் எல்லோருக்கும் தெரிந்தது.

"இது நான் கொண்டுவந்த மாங்கொம்புன்னு சொல்லுதீங்க. சொல்லுங்க. ஒருத்தர் எழும்பி வந்து இதைக் கையால தூக்கி அந்தப் பக்கம் வையுங்க. வச்சிட்டா, எனக்க மாப்பிள்ளை இல்ல, நானே மன்னிப்பு கேக்கேன்."

முன்வரிசையில் இருந்தவர்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். குழந்தைகளை மடியில் தூக்கிக்கொண்டார்கள். போதகர் மணியடிக்கிறவரைப் பார்த்து, "எடுத்து வெளியே போடும்" என்றார். அவர் இரண்டு எட்டு வந்தார், கையைப் பார்த்தார், நின்றுவிட்டார். முக்காட்டுக்காரி எழுந்து சுவரோரமாக நகர்ந்தாள். முதலாளி கைகளை ஜிப்பாப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அவ்வளவு தெளிவாக ஒரு சபை உண்மையைச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. போதகர் அவசரமாக ஆசீர்வாதம் சொன்னார். எல்லோரும் பக்கவாசல் வழியாகப் போகத் தொடங்கினார்கள். அம்மா தனியாகக் குனிந்து மறுபடி அந்தக் கட்டையைப் பிடித்தாள். அவள் இழுத்துக்கொண்டு வந்த தூரம் முழுக்கத் தரையில் கரிக்கோடு.

அப்பா அதுவரை பீடத்தின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். வந்து மறுமுனையைத் தூக்கினார். வெறுங்கையால். "துணி சுத்துங்க" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவர் கேட்கவில்லை.

வாசலில் முதலாளி நின்றார். "எடா, அதெ எவடெயாவது கொண்டுபோய்க் களயடா!"

அப்பா நின்றார். "முதலாளி, இது உங்களுக்க விறகாக்கும். எங்க வைக்கட்டு?"

இருவரும் அதைச் சுமந்துகொண்டு நடுரோட்டில் நடந்தார்கள். நான் தங்கச்சியை முதுகில் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். முதலாளி வீட்டுக் கேட்டின் இரும்புக் கம்பிகளுக்குக் குறுக்கே அதைச் சாய்த்துவைத்தார்கள்.

மறுநாள் தோட்டத்திலிருந்து ஆள் வந்து அப்பாவின் வெட்டுக்கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான். அப்பாவின் கை வீங்கியிருந்ததால் அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். பிறகு நாங்கள் குன்னத்துகாலுக்கு வந்தோம், அப்பா கிடைத்த கூலிவேலைக்கெல்லாம் போனார். உங்கள் அத்தைக்குக் கண் சரியாகிவிட்டது. கழுத்துக் கொப்புளம் பழுத்து, ஆறிய பிறகும் கறுப்பு நின்றுவிட்டது. கல்யாணப் போட்டோக்களில் எல்லாம் அவள் சேலையை ஏன் அப்படி இழுத்துப் போர்த்தியிருக்கிறாள் என்று கேட்டீர்களே, அதுதான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அந்தச் சபையிலிருந்து எங்களுக்கு வரவில்லை. அம்மாவை அடக்கம் பண்ணிய அன்றும் வரவில்லை. அந்தப் பெஞ்சில் இருந்தவர்களின் பிள்ளைகள் இன்று என்னைக் கண்டால் கைகொடுக்கிறார்கள். நானும் கொடுக்கிறேன், உள்ளே எரிந்துகொண்டே.

கட்டை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதலாளி அதை எடுத்துப் போடும்படி வேலைக்காரர்களிடம் சொன்னாராம். ஒருத்தன், "மாங்கொம்புதானே முதலாளி, கையால தள்ளிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டானாம். சாக்கைச் சுற்றி எடு என்று சொல்ல அவருக்கு வாயில்லை. சொன்னால் அது என்ன கட்டை என்று அவரே சொன்னதாகிவிடும். கேட்டைத் திறக்க வேண்டுமானால் அதைத் தொட வேண்டும். மழைக்காலம் முழுக்க அது அங்கேயே சாய்ந்து நின்றது. எங்கள் அம்மாமேல் தீர்ப்புச் சொன்னவர்கள் அந்த இடம் வந்ததும் ரோட்டின் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடந்தார்கள்.

வெள்ளறடை பஸ்ஸில் போகும்போது, ரோட்டைப் பார்த்த அந்தப் பெரிய வீட்டின் மதிலில் கேட்டே இல்லை என்று நீங்கள் அதிசயப்பட்டிருக்கிறீர்கள். முதலில் இருந்தது. மழை முடிந்த பிறகு முதலாளி அந்தக் கேட்டை உள்பக்கமிருந்தே சுவர் வைத்து அடைத்துவிட்டு, பின்பக்கத்து மதிலை இடித்து, வயல் பக்கமாக வேறு கேட் வைத்துக்கொண்டார்.